தலையில்லாத டாக்டர்

அத்தியாயம் மூன்று

லாக்கப் கம்பிக்குப் பின்னால் சித்தப்பாவைப் பார்த்ததும் தவளைக்கு முதலில் தோன்றியது ஒரு நக்கல்தான். தோன்றியதை அடக்கி வைக்கும் பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"என்ன சித்தப்பா, காவல்காரருக்கே காவல் போட்டுட்டாங்க?"

சித்தப்பா சிரிக்கவில்லை. இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தார். நேற்றுக் காலையிலிருந்து அதே மூலை, அதே சட்டை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு ஊட்டி, சைக்கிள் கற்றுக்கொடுத்து ஆளாக்கியவர் இந்த மனிதர். பூங்காவுக்கு இரவுக் காவல். வாழ்நாளில் ஒரு பூவைக்கூடக் கிள்ளாதவர் மேல் இப்போது ஒரு தலையைத் திருடிய குற்றம்.

மழை வந்தால் வாயை மூடாத பிராணியின் பெயரை அவனுக்கு வைத்தது தெரு. அவனுக்கு வேலை கொடுத்து, இப்போது கூடவே ஸ்டேஷனுக்கு வந்திருந்த துப்பறியும் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. அவள் மூக்கில் உட்கார்ந்திருந்த கண்ணாடி அத்தனை கனம். பேசும்போது அவ்வப்போது அதைக் கழற்றித் துடைப்பாள். அப்போதெல்லாம் மூக்கின் இருபுறமும் பொட்டுக்கடலை அளவில் இரண்டு சிவந்த குழிகள் தெரியும்.

"அக்கா, அந்தக் குழியில தண்ணி ஊத்தினா கொசு முட்டை வெச்சிடும்," என்று தவளை ஒருமுறை சொல்லியிருக்கிறான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு டீ கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நேரா விஷயத்துக்கு வர்றேன் மேடம். பூங்காவுல சிலையைச் சுத்தித் தகர வேலி. வேலிக்கு ஒரே கதவு. கதவுக்கு ஒரே பூட்டு. பூட்டு உடையலை. சாவி இவர் இடுப்புல. நேத்துக் காலையில துணியை விலக்கிப் பார்த்தா சிலைக்குத் தலையைக் காணோம். இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்கு?"

"திறப்பு விழா?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு சாயங்காலம். துணியைத் திறக்காம பேச்சை மட்டும் வெச்சுக்கலாமான்னு கமிட்டி யோசிக்குது. அதுக்குள்ள வேற ஆளைக் கொண்டுவந்தா இவர் வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா கோர்ட்டுக்கு." பிறகு, சிலையின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். "அந்த மகானோட தலையைப் போய் எடுக்க எப்படித்தான் மனசு வந்துதோ."

பெயர் காதில் விழுந்ததும் கம்பிக்குப் பின்னால் சித்தப்பா எழுந்து நின்றார்.

அது அவர் வழக்கம். விஷக்காய்ச்சல் வந்த வருடம், ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு ஓடியபோது, எங்கிருந்தோ தனியாளாக வந்து இறங்கியவர் அந்த டாக்டர். சித்தப்பாவைச் சாவின் வாசல்படியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்தவர். காய்ச்சல் அடங்கப்போகிற நேரத்தில் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பெயரை யார் சொன்னாலும் சித்தப்பா உட்கார்ந்திருக்க மாட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஊரில் அந்தப் பெயர் உப்பு மாதிரி. இல்லாத வீடு கிடையாது. புகழ் பெற்றவர்களிலேயே நான்கு பேருக்கு அதே பெயர்: காய்ச்சல் டாக்டர், கால்பந்து கோல்கீப்பர், ரேடியோவில் பாடுகிற பாடகர், பிறகு பாலம் கட்டிய இன்ஜினியர். டாக்டர் செத்த அன்று ஒரு கூட்டம் பாடகர் வீட்டு வாசலில் போய் அழுதது. தன் பாட்டுக்குத்தான் அழுகிறார்கள் என்று அவர் வெளியே வந்து கும்பிட்டாராம். இன்ஜினியர் கட்டிய பாலம் இடிந்து பள்ளிக்கூட வேன் ஆற்றில் விழுந்த வருடம், கோபக்காரர்கள் எறிந்த கல் எல்லாம் கோல்கீப்பர் வீட்டு ஜன்னலில் விழுந்தது. "ஒண்ணைக்கூடப் பிடிக்கலை," என்பான் தவளை. கால்பந்து வர்ணனை ஓடுகிற வீட்டில் சித்தப்பா படும் பாடு தனிக்கதை. பந்து கோல்கீப்பர் பக்கம் போகும்போதெல்லாம் அவர் எழுந்து எழுந்து உட்காருவார்.

"அவர் தலையை நான் எடுப்பேனாடா?" என்றார் சித்தப்பா. "ஜெயிலுக்குப் போறதைப் பத்திக் கவலையில்லை. அவர் தலையைத் திருடினவன்னு பேர் வாங்கிட்டுச் சாகணுமா?"

அக்கா கம்பியருகே வந்தாள். "அவர் முகம் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்காண்ணே?"

"முகத்தை எங்கம்மா பாத்தோம்? ராவும் பகலும் முகமூடி. மூக்குக்கு மேலதான் டாக்டர், மூக்குக்குக் கீழ துணி. கண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. கழுகுக் கண்ணு. வாசல்ல நின்னபடியே கடைசிக் கட்டில்ல தொங்கற அட்டையைப் படிப்பார். கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் கிடையாது."

"சிலையோட முகத்தைப் பாத்தீங்களா?"

"துணி சுத்தித்தான் கொண்டாந்தாங்க. திறக்கிற அன்னிக்குப் பாத்துக்கலாம்னு இருந்தேன்." அவர் மறுபடி மூலையில் போய் உட்கார்ந்தார். "ஒரு தரம் முழுசாப் பாத்துடலாம்னு."

*

தகர வேலிக்குள் டாக்டர் கழுத்து வரைக்கும் கம்பீரமாக நின்றார். நீண்ட கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், நீட்டிய வலது கை. கழுத்துக்கு மேல் வானம்.

"கழுத்து வரைக்கும் நல்லாத்தான் இருக்கார்," என்றான் தவளை. "நாக்கை நீட்டுன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. அதான் குறை."

அக்கா பீடத்தில் ஏறி வெட்டுவாயில் விரலை ஓட்டினாள். வெண்கலச் சிலையை ஒரே வார்ப்பாக வார்ப்பதில்லை. துண்டு துண்டாக வார்த்து ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்து மெருகு போடுவார்கள். தலையை எடுத்தவன் சரியாக அந்த ஒட்டின் மேலேயே அறுத்திருந்தான். ஒரு மயிரிழைகூட இப்படி அப்படிப் போகவில்லை.

"பழைய இரும்புக் கடைக்குப் போடறவன் கையை அறுத்திருப்பான். நீட்டிக்கிட்டு வசதியா இருக்கு," என்றாள்.

"அறுத்துட்டுத் துணியை மறுபடி போத்திக் கட்டியிருக்கான் அக்கா. குளிருமேன்னு."

அக்கா வேலியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் ஒரு தகரத்தருகே குந்தி உட்கார்ந்தாள். அந்தத் தகரத்தின் ஸ்க்ரூக்களில் மட்டும் துரு உதிர்ந்து, தலைகள் புதுசாகப் பளிச்சிட்டன. அவள் விரலால் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

"கதவு வழியா வரலை. இதைக் கழட்டி வந்திருக்கான். அன்னிக்கு ராத்திரி கொட்டின மழையில தகரம் போட்ட சத்தத்துக்கு ரம்பம் போட்ட சத்தம் உன் சித்தப்பா காதுல விழ வாய்ப்பே இல்லை. அது பெரிசில்ல. போகும்போது எல்லா ஸ்க்ரூவையும் திருப்பிப் போட்டு இறுக முடுக்கிட்டுப் போயிருக்கான். அந்த மழையில, கையில அவ்வளவு பெரிய தலையை வெச்சுக்கிட்டு."

"இவ்வளவு பொறுப்பான திருடன் நம்ம ஊர்ல யாருக்கா?"

"திருடன் முடுக்க மாட்டான். வேலைக்காரன்தான் முடுக்குவான்." அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "ஒட்டு எங்கே இருக்குன்னு தெரிஞ்ச வேலைக்காரன். வா, சிலையைச் செஞ்ச இடத்துக்குப் போகலாம்."

*

வார்ப்புப் பட்டறையில் சாப்பாட்டு நேரம். கிரைண்டர்கள் வாய் மூடியிருந்தன. உயரமான கொட்டகை, கூரையிலிருந்த ஒற்றைக் கண்ணாடிச் சில்லு வழியாக விழுந்த வெளிச்சத்தில் உலோகத்தூள் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் முகம் தெரியாத வெண்கல மனிதர்கள், கை இல்லாமலும் கால் இல்லாமலும், எதற்கோ வரிசையில் காத்திருப்பது போல நின்றார்கள். ஒரு மூலையில் வார்ப்பு மண் குவித்த பள்ளம். அதற்குப் பக்கத்தில் இன்னும் பற்ற வைக்காத உலை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பெண் டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகையின் மறுகோடியில், நரைத்த தாடியுடன் ஒரு வெல்டர் வெறும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளுங்க சேர்ந்து சாப்பிட மாட்டாங்களா?" என்று தவளை கேட்டான்.

"அதை ஏன் கேக்கறீங்க," என்றார் சிற்பி. பட்டறையும் அவருடையதுதான், இரண்டு நாளாகத் தூங்காத முகம். "மெருகு போடற அம்மாவும் வெல்டரும் வருஷக்கணக்கா ஒரே டப்பாவுல சாப்பிட்டவங்க. அவருக்கும் சேர்த்து அவங்கதான் கொண்டு வருவாங்க. கூடப் பொறந்த அண்ணனைக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க. கொஞ்ச நாளா முகம் குடுத்துப் பேசறதில்லை. கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணுமில்லைங்கறாங்க. உலோகத்தை உருக்கிடலாம், மனுஷங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா அவரைத் தலையின் பிளாஸ்டர் படிவத்துக்கு அழைத்துப் போகச் சொன்னாள். வார்ப்பதற்கு முன் செய்கிற வெள்ளைத் தலை அலமாரியில் பத்திரமாக இருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க முகம், மழுங்கச் சிரைத்த தாடை, மெல்லிய சிரிப்பு.

"கருணை வழியுதுன்னு கமிட்டியே சொன்னாங்க," என்றார் சிற்பி.

அக்கா தன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. தன் மூக்கின் இரு குழிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே விரலால் பிளாஸ்டர் மூக்கைத் தொட்டாள்.

"தவளை, இங்க பாரு. கொசு முட்டை வெக்கிற இடம்."

வெள்ளை மூக்கின் இருபுறமும் இரண்டு சின்னக் குழிகள். வலது குழி இடதைவிட ஒரு நெல்லளவு கீழே இருந்தது.

"போட்டோவுல எப்படி இருந்துதோ அப்படியே செஞ்சேன்," என்றார் சிற்பி பெருமையாக. "ஒரு சுருக்கத்தைக்கூட விடலை."

"அதான் சார் வம்பு," என்றான் தவளை. "டாக்டருக்குக் கழுகுக் கண்ணு. கண்ணாடியே போட்டதில்லை. எங்க சித்தப்பா இப்பத்தான் சொன்னார்."

"அந்தப் போட்டோ எங்க கிடைச்சுது?" என்றாள் அக்கா.

"பத்திரிகை ஆபீஸ்ல. பேரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பேருக்கு ஒரு கவர் வெச்சிருந்தாங்க. பந்து பிடிக்கிறவர், மைக் பிடிக்கிறவர் எல்லாம் அதுலதான் இருந்தாங்க. டாக்டர் படம்னு இருந்ததெல்லாம் முகமூடி. இது ஒண்ணுதான் முழு முகமா, வெள்ளைச் சட்டையில…" அவர் பேச்சு மெதுவாகத் தேய்ந்தது. "பின்னால பேர் எழுதியிருந்துதே."

"பேர் எழுதியிருந்துது. டாக்டர்னு எழுதியிருந்துதா?"

சிற்பி மேஜையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினார்.

வெள்ளைச் சட்டைக்காரர் லேசாகக் குனிந்து யாரையோ பார்த்துச் சிரித்தார். யாரைப் பார்த்து என்பது தெரியவில்லை. படம் அங்கே வெட்டப்பட்டிருந்தது. கீழோரத்தில் ஒரு குழந்தையின் கை மட்டும், பூ ஒன்றை நீட்டியபடி. அவருக்குப் பின்னால் இரும்புக் கைப்பிடி, அதில் தடித்த போல்ட்டுகள்.

தவளை வெகுநேரம் அந்தக் கைப்பிடியையே பார்த்தான்.

"இது மேல உக்காந்து நான் தூண்டில் போட்டிருக்கேன் அக்கா," என்றான். "இது அந்தப் பாலம். திறந்த அன்னிக்கு எடுத்த படம்."

டாக்டரின் உடம்பில் இன்ஜினியரின் தலை.

ஊருக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. பாலம் திறந்த அன்று அந்த முகத்தைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், மறந்தார்கள். பாலம் விழுந்த பிறகு ஊர் கண்டதெல்லாம் தலையில் துண்டைப் போட்டு மூடிப் போலீஸ் இழுத்துக்கொண்டு போன ஒரு உருவம். ஒருத்தருக்கு முகமூடி, இன்னொருத்தருக்குத் துண்டு. இரண்டு பேர் முகத்தையும் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. சிறைக்குப் போன இன்ஜினியர் வெளியே வந்து எங்கோ கண்காணாத ஊருக்குப் போய்விட்டதாகப் பேச்சு.

சிற்பி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "சாயங்காலம் ஊரே வரும். பாலத்துல புள்ளைங்களைப் பறிகுடுத்தவங்களும் வருவாங்க. நான் துணியை இழுத்திருந்தேன்னா…"

"தலையை எடுத்தவர் உங்களைக் காப்பாத்தியிருக்கார்," என்றான் தவளை. "பதிலுக்கு எங்க சித்தப்பாவை மாட்டி விட்டுட்டார்."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "உங்க பட்டறையில பாலத்துல யாரையாவது இழந்தவங்க இருக்காங்களா?"

சிற்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகைக் கண்ணால் காட்டினார். "மெருகு போடற அம்மா. ஒரே பையன். அந்த வேன்லதான் இருந்தான்."

*

தவளைக்குக் கணக்கு முடிந்துவிட்டது. முகத்துக்கு மெருகு போட்டவள் அவள். ஒட்டு எங்கே என்று தேய்த்த விரலுக்குத் தெரியும். கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை. அக்கா தடுப்பதற்குள் அவன் போய் அவள் எதிரே குந்தினான்.

"அம்மா, உள்ள இருக்கிறவர் என் சித்தப்பா. என்னை வளத்தவர். தப்பா எடுத்துக்காதீங்க. தலையை எங்க வெச்சிருக்கீங்க?"

அவள் டப்பாவை மூடினாள். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகளில் ரேகையே இல்லாத கைகள்.

"எங்கிட்ட எதுக்குப்பா கேக்கறே?"

"அந்த முகம் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அது எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு."

அக்காவின் கையிலிருந்த போட்டோவை அவள் வாங்கினாள். கீழோரத்திலிருந்த சின்னக் கையின் மேல் விரலை வைத்தாள்.

"இது என் பையன் கை. பாலம் திறந்த அன்னிக்கு அவன்தான் பூ குடுத்தான். வகுப்புலயே குள்ளம், அதனால அவனை நிறுத்தினாங்க. முழுப் படமும் பேப்பர்ல வந்துது. அவனை வேற யாரும் படம் எடுத்ததில்ல. அதான் மாட்டி வெச்சிருக்கேன். பாலம் விழுந்தப்புறம் கத்தரியை எடுத்துட்டு உக்காந்தேன், பக்கத்துல நிக்கறவனை வெட்டி எறிஞ்சிடலாம்னு. பூ பாதி அவன் கையில, பாதி என் புள்ள கையில. எங்க வெட்டறது சொல்லு."



"தினம் என் புள்ளையைப் பாப்பேன். கூடவே அவனும் கண்ணுல படுவான். மெருகு போடறப்போ மூக்கு வரைக்கும் ஒண்ணும் தோணலை. கன்னத்தைத் தேய்க்கறப்போ கை நின்னுடுச்சு."

"அப்ப நீங்கதானே…"

"நான் தேய்க்கறவப்பா. அறுக்கறவ இல்ல."

தவளை அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா அந்தப் பெண்ணருகே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவருக்கு டப்பா கொண்டு வர்றதை எந்த அன்னிக்கு நிறுத்தினீங்க? கை நின்னுபோன அதே அன்னிக்கா?"

அந்தப் பெண்ணின் கண்கள், அவளை மீறிக்கொண்டு, கொட்டகையின் மறுகோடிக்குப் போயின. அங்கே வெல்டர் உலைக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து அவரை நோக்கி நடந்தாள். பின்னால் போன தவளைக்கு, தான் தவறான வீட்டு ஜன்னலில் கல் எறிந்துவிட்டு வருவது போலிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழட்டுங்க."

வெல்டர் நிமிர்ந்தார். வலது காதுப் பக்கம் சரிந்து உட்கார்ந்த கண்ணாடி. அவர் மறுக்கவில்லை. எப்போதோ வரவேண்டிய விருந்தாளி வந்துவிட்டது போல, கரிக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

தாடி புதிது. நரை புதிது. மூக்கின் இரண்டு குழிகள் மட்டும் பழசு. வலது குழி இடதைவிட ஒரு நெல்லளவு கீழே இருந்தது.

தன் தலையைத் தானே திருடியிருந்தார் இன்ஜினியர்.

"வேலித் தகரத்து ஸ்க்ரூவை ஏன் முடுக்கினீங்க?" என்றாள் அக்கா. "அப்படியே விட்டுட்டுப் போயிருந்தா திருடன் பின்பக்கமா வந்தான்னு போலீஸுக்கே தெரிஞ்சிருக்கும். அந்தக் காவல்காரர் வெளிய இருந்திருப்பார்."

"யோசிச்சு முடுக்கலைம்மா." கரி படிந்த கையால் முகத்தைத் துடைத்தார், முகம் இன்னும் கறுத்தது. "கை தானா முடுக்கிடுச்சு. ஒரு தடவை, பாலத்து போல்ட்டெல்லாம் சரியா முடுக்கியிருக்கான்னு போய்ப் பாக்காம, பாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் ஒரு ஸ்க்ரூவைக் கண்டா முடுக்காம நகர முடியறதில்லை."

"ஏன் இந்த ஊருக்கே திரும்பி வந்தீங்க?"

"எந்த ஊருக்குப் போனாலும் பாலம் கூடவே வந்துது. இங்க வெல்டர்னு சேந்தேன். பேரை யாரும் கேக்கலை. இந்தம்மா யாருன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சப்போ…" அவர் நிறுத்தினார். "இந்தத் தலையை ஒட்டினதே நான்தான். என் கழுத்துல நானே வெல்டிங் வெச்சேன். இது தப்பான ஆளுன்னு சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றது? வேலைக்கு வர்ற வழியில இந்தம்மா தினம் அந்தப் பூங்காவைத் தாண்டித்தான் வரணும்."

தவளை குறுக்கே வந்து நின்றான். "எங்க சித்தப்பா நேத்துலேர்ந்து உள்ள கிடக்கார். அது தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும் தம்பி. உலை பத்தினதும் தலையைப் போட்டு உருக்கிட்டு, நேரா ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் திருடினேன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"உருக்கிட்டு எதுக்கு? எடுத்துட்டே போயிருக்கலாமே."

"தலை இருந்தா இது யாரு தலைன்னு கேள்வி வரும். தலை இல்லேன்னா வெறும் வெண்கலத் திருட்டு." அவர் தரையைப் பார்த்தார். "திருடன்னு போறதுக்கு எனக்குக் கஷ்டமில்லை. அந்தப் பேரோட இன்னொரு தரம் போக முடியாது."

"எங்க அது?"

மூலையிலிருந்த மண் பள்ளத்திலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. மெருகு போடும் பெண் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் வார்ப்பு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். சாக்கில் சுற்றிய பாரத்தை இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். சாக்கு விலகியது. அவள் போட்ட மெருகு, மண்ணுக்குள்ளும் மங்காமல், முப்பத்தைந்து வயதுச் சிரிப்போடு மின்னியது.

"நேத்துக் காலையிலேயே மண்ணு கிளறியிருந்ததைப் பாத்தேன்," என்றாள்.

தவளை திகைத்தான். "ஏம்மா சொல்லலை?"

"அவர் சொல்லட்டும்னு இருந்தேன். காவல்காரரைப் பிடிச்சுட்டாங்கன்னு கேட்டதும் இன்னிக்கு வாயைத் திறப்பார்னு நெனச்சேன். அவர் என்னடான்னா உலைக்குக் கரி போடறார்." முதல் முறையாக அவள் வெல்டரை நேராகப் பார்த்தாள். "என் புள்ளையைப் பத்தி என்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. அழுதுடுவேன்னு பயம். நீங்க ஒருத்தர்தான் கேப்பீங்க. என்ன சாப்பிடுவான், எந்தப் பாட்டுப் பாடுவான், செருப்பை எந்தக் கால்ல மாத்திப் போடுவான். நானும் மனுஷன்னா இவர்தான்னு சொல்லிட்டே இருந்தேன். சோத்தைப் போட்டுச் சொல்லிட்டே இருந்தேன். கன்னத்தைத் தேய்க்கறப்போதான், இது தாடி எடுத்த உங்க முகம்னு கைக்குத் தெரிஞ்சுது."

வெல்டர் ஏதோ சொல்ல முயன்றார்.

"வேணாம். எனக்குச் சொல்ல வேணாம். போலீஸ்ல போய் உங்க பேரைச் சொல்லுங்க." அவள் கைமண்ணைத் தட்டினாள். "நானும் வர்றேன். நீங்க சொல்றது என் காதுல விழணும்."

*

வண்டியில் நான்கு பேர். அக்கா முன்னால், ஸ்டியரிங்கில். பின்னால் தவளை, வெல்டர், அந்தப் பெண். நடுவில் சாக்கில் சுற்றிய தலை. அதை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று யாரும் பேசவில்லை. கடைசியில் தவளைதான் வைத்துக்கொண்டான். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது, உள்ளே காலி. தலையையும் சேர்த்து ஐந்து என்று எண்ணி ஒரு நக்கல் தோன்றியது. அதை அவன் அப்படியே விழுங்கினான். விழுங்குவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் விழாவுக்குக் கஞ்சி போட்ட சட்டையில் தயாராக நின்றார். மேஜை மேல் வைத்த தலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தாடிக்காரரைப் பார்த்தார்.

"இவரா?"

"அவரே சொல்லுவார்," என்றாள் அக்கா.

"நான்தான் சார் அறுத்தேன்," என்றார் வெல்டர். "காவல்காரருக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பின்பக்கத் தகரத்தைக் கழட்டினேன். போறப்போ முடுக்கிட்டேன்."

"எதுக்குய்யா?"

வெல்டர் மேஜை மேலிருந்த தலையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "சரி, அதுக்கு அப்புறம் வர்றேன். பேரைச் சொல்லு."

கம்பிக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சித்தப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் நிலையில் சாய்ந்திருந்த பெண் நகரவே இல்லை.

வெல்டர் தன் பெயரைச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு நிமிர்ந்தார். "யோவ், சிலையோட பேரையா கேட்டேன்? உன் பேரைச் சொல்லுய்யா."

"அதுதான் சார் என் பேரும்."

தவளை லாக்கப் பக்கம் திரும்பினான். வேண்டாம் சித்தப்பா என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள், பெயர் காதில் விழுந்த வழக்கத்தில், சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.